வாசல் வரை வந்த ஜனாதிபதி பதவி

1860-ம் ஆண்டு மே மாதம் 18-ந் தேதி, வெள்ளிக்கிழமை. அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த ஆபர்ன் என்னும் சிறு நகரம் திருவிழாக் கோலத்தில் இருந்தது. கொண்டாட்டத்துக்காகப் பீரங்கியில் மருந்து கெட்டித்துத் தயாராக வைத்திருந்தார்கள். ஒரு பெரிய வீட்டின் தோட்டத்தில் ஊர் ஜனங்கள் கூடி நின்றார்கள். தந்தி எப்போது வரும், நல்ல சேதி எப்போது வரும் என்று எல்லோரும் வழிமேல் விழி வைத்துக் காத்திருந்தார்கள்.

அந்த வீட்டுக்குச் சொந்தக்காரர் வில்லியம் ஹென்றி சீவர்ட். வயது 59. ஒல்லியான, குள்ளமான மனிதர். கூர்மையான பெரிய மூக்கு. கையில் எப்போதும் சுருட்டு. நியூயார்க் மாநிலத்தின் கவர்னராக இரண்டு முறை இருந்தவர். செனட் சபையில் 11 ஆண்டுகளாக அங்கத்தினர். அடிமை முறையை எதிர்த்தவர்களில் அவருக்கு இருந்த புகழ் நாட்டில் வேறு யாருக்கும் இல்லை.

அன்று சிகாகோ நகரில் குடியரசுக் கட்சியின் மகாநாடு நடந்து கொண்டிருந்தது. ஜனாதிபதித் தேர்தலுக்கு யாரை நிறுத்துவது என்று பிரதிநிதிகள் ஓட்டுப் போட்டுக் கொண்டிருந்தார்கள். முதல் சுற்றில் சீவர்ட் முந்தி நின்றார். இரண்டாவது சுற்றிலும் அவரே முந்தினார். மூன்றாவது சுற்றின் முடிவு தந்தியில் வந்தது.

வேட்பாளர், ஆபிரகாம் லிங்கன்!

பீரங்கி வெடிக்கவில்லை. கூட்டம் மெதுவாகக் கலைந்தது.

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போனது ஏன்? சீவர்டுக்குத் திறமை இல்லையா? புகழ் இல்லையா? பணபலம் இல்லையா? எல்லாம் இருந்தன. கட்சியின் கொள்கையைக் கட்சியை விட உரக்கச் சொல்லிவிட்டார் என்பதுதான் அவர் மீது இருந்த குறை. கொள்கை வீரர் வேண்டுமா, வெற்றி பெறக்கூடியவர் வேண்டுமா என்ற கேள்வி அன்று எழுந்தது. கட்சி இரண்டாகப் பிரிந்து நின்றது. கடைசியில் வெற்றி பெறக்கூடியவரே போதும் என்று முடிவாயிற்று.

அந்த முடிவு சரிதானா? சீவர்டின் வாழ்க்கை முழுவதையும் பார்த்தால்தான் அதற்குப் பதில் கிடைக்கும்.

கழுத்தில் இரும்பு வளையம்

சீவர்ட் 1801-ம் ஆண்டு மே 16-ந் தேதி, நியூயார்க் மாநிலத்தில் புளோரிடா என்ற கிராமத்தில் பிறந்தார். தகப்பனார் பெரிய நிலச்சுவான்தார். அந்தக் காலத்தில் வடக்கே உள்ள நியூயார்க்கிலும் அடிமைகள் உண்டு. சீவர்டின் வீட்டிலேயே அடிமைகள் இருந்தார்கள். சமையல் அறையில் அவர்கள் சொல்லும் கதைகளைக் கேட்டுக்கொண்டே சீவர்ட் வளர்ந்தார்.

அண்டை வீட்டில் ஓர் அடிமைச் சிறுவன் இருந்தான். சீவர்டுக்கு விளையாட்டுத் தோழன். ஒருநாள் எசமானர்கள் அவனைச் சவுக்கால் அடித்தார்கள். பையன் ஓடிப் போனான். பிடித்துக் கொண்டு வந்து, கழுத்தில் இரும்பு வளையம் மாட்டிவிட்டார்கள். தன் வயதுப் பையன் ஒருவன் கழுத்தில் இரும்போடு திரிந்ததைச் சீவர்ட் கடைசி வரையில் மறக்கவில்லை.

யூனியன் கல்லூரியில் படித்து 1820-ல் பட்டம் பெற்றார். படிக்கும்போதே தகப்பனாரோடு பண விஷயத்தில் தகராறு வந்து, வீட்டுக்குச் சொல்லாமல் தெற்கே ஜார்ஜியாவுக்குப் போய்ச் சிலகாலம் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்த கதையும் உண்டு. பிறகு வக்கீல் ஆனார். ஆபர்ன் நகரில் மில்லர் என்ற நீதிபதியோடு சேர்ந்து தொழில் நடத்தினார். 1824-ல் அவருடைய மகள் பிரான்சிசை மணந்தார்.

பிரான்சிஸ் நிறையப் படித்தவர். கணவரை விட உறுதியான நெஞ்சம் அவருக்கு. 1835-ல் இருவரும் தெற்கே வர்ஜீனியாவுக்கு வண்டியில் பிரயாணம் செய்தார்கள். ஒரு விடுதியில் அவர்கள் கண்ட காட்சி: பத்துச் சிறுவர்கள். உடம்பில் துணி இல்லை. இரண்டிரண்டு பேராக மணிக்கட்டில் கட்டி, ஒரே கயிற்றில் கோத்திருந்தது. ஒருவன் பின்னாலிருந்து அவர்களை ஓட்டிக் கொண்டு வந்தான். தொட்டியில் மாடு தண்ணீர் குடிப்பது போல அவர்களைக் குடிக்க வைத்தான். பிறகு ஒரு கொட்டகையில் படுக்கச் சொன்னான். இரவு அந்தக் குழந்தைகள் அழுத சத்தம் வெளியே கேட்டது. அவர்கள் விற்பனைக்குப் போகிற சரக்கு.

பிரான்சிசால் அதற்கு மேல் தெற்கே போக முடியவில்லை. பிரயாணத்தைச் சுருக்கிக் கொண்டு இருவரும் ஊர் திரும்பினார்கள்.

கவர்னர் செய்த தைரியம்

சீவர்டின் வாழ்க்கையை மாற்றியவர் இன்னொருவர். அவர் பெயர் தர்லோ வீட். பத்திரிகாசிரியர். 1824-ல் ராச்செஸ்டர் நகரின் அருகே சீவர்ட் தம்பதிகளின் வண்டிச் சக்கரம் கழன்று விழுந்தது. உதவிக்கு வந்தவர்களில் வீட் ஒருவர். அன்று தொடங்கிய சிநேகம் ஆயுள் முழுவதும் நீடித்தது.

வீட் மேடை ஏற மாட்டார். பெரிய பதவிகளைத் தேடமாட்டார். ஆனால் யாரை எந்தப் பதவியில் உட்கார வைப்பது என்ற கணக்கு அவருக்கு அத்துபடி. சீவர்ட் பேசுவார், வீட் ஓட்டுச் சேர்ப்பார். 1834-ல் கவர்னர் தேர்தலில் சீவர்ட் தோற்றார். 1838-ல் விக் கட்சியின் சார்பில் மறுபடி நின்று ஜெயித்தார். அப்போது அவருக்கு வயது 37.

கவர்னரானதும் அவர் செய்த இரண்டு காரியங்கள் அவரைக் கடைசி வரையில் துரத்தின.

முதலாவது, கறுப்பு இனத்தைச் சேர்ந்த மூன்று மாலுமிகளின் விஷயம். ஓர் அடிமை தப்பியோட உதவினார்கள் என்று அவர்கள் மீது வர்ஜீனியா குற்றம் சாட்டியது. அவர்களைப் பிடித்து அனுப்பும்படி கேட்டது. ஒரு மனிதன் இன்னொரு மனிதனுக்குச் சொத்தாக இருக்க நியூயார்க் சட்டத்தில் இடமில்லை. ஆகவே அவன் தப்பியோட உதவுவதும் குற்றமாகாது என்று சொல்லிச் சீவர்ட் மறுத்துவிட்டார். தெற்கத்தியர்கள் கொதித்தார்கள்.

இரண்டாவது, பள்ளிக்கூட விஷயம். அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்த ஏழைக் கத்தோலிக்கர்களின் குழந்தைகள் நியூயார்க் தெருக்களில் படிப்பில்லாமல் திரிந்தார்கள். அவர்கள் மதத்தைச் சேர்ந்த ஆசிரியர்களைக் கொண்டே அவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கலாம், அதற்குச் சர்க்கார் பணம் கொடுக்கலாம் என்று 1840-ல் சீவர்ட் யோசனை சொன்னார். அன்னியர்கள் வந்து நாட்டைக் கெடுக்கிறார்கள் என்று நினைத்தவர்களுக்கு இது பொறுக்கவில்லை. அவர்கள் சீவர்டின் பெயரை மனதில் குறித்து வைத்துக் கொண்டார்கள். இருபது ஆண்டுகளுக்குப் பிறகு அந்தக் கணக்கைத் தீர்த்தார்கள்.

ஊரே எதிர்த்த வழக்கு

பதவிக்காலம் முடிந்து சீவர்ட் மறுபடி வக்கீல் தொழிலுக்கு வந்தார். 1846-ல் ஆபர்ன் அருகே ஒரு குடும்பத்தில் நான்கு பேர் குத்திக் கொல்லப்பட்டார்கள். கொன்றவன் வில்லியம் பிரீமன் என்ற கறுப்பு இன வாலிபன். செய்யாத குற்றத்துக்காக ஐந்து வருஷம் சிறையில் கிடந்து, அங்கே பட்ட அடியில் புத்தி பேதலித்தவன். அவனை அப்போதே தூக்கில் போட வேண்டும் என்று ஊர் துடித்தது. எந்த வக்கீலும் அவனுக்காக நிற்க முன்வரவில்லை.

சீவர்ட் எழுந்து நின்றார். காசு வாங்காமல் வாதாடினார். பைத்தியத்தைத் தூக்கில் போடுவது நியாயமாகாது என்றார். ஊரார் அவரைத் தெருவில் வைத்துத் திட்டினார்கள். ஜூரிகள் குற்றவாளி என்றே தீர்ப்புச் சொன்னார்கள். சீவர்ட் அப்பீல் செய்து, மறு விசாரணைக்கு உத்தரவு வாங்கினார். ஆனால் அதற்குள் 1847-ல் பிரீமன் சிறையிலேயே இறந்து போனான். சோதித்துப் பார்த்த வைத்தியர்கள் அவன் மூளை நோயால் கெட்டிருந்தது என்று கண்டார்கள்.

ஓட்டுக் கணக்குப் பார்க்கிறவர் யாரும் இந்த வழக்கை எடுத்திருக்க மாட்டார்கள்.

வீட் போட்ட கணக்கு

ஆனால் சீவர்டுக்கும் ஓட்டுக் கணக்குக்கும் சம்பந்தமே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. அந்தக் கணக்கை அமெரிக்காவுக்கே கற்றுக் கொடுத்தவர்களில் ஒருவர் அவருடைய நண்பர் வீட்.

அந்தக் காலத்தில் விக் கட்சியின் மாபெரும் தலைவர் ஹென்றி கிளே. கட்சியின் கொள்கைகளை வகுத்தவர் அவர். ஆனால் 1839-ல் கட்சி மகாநாடு கூடியபோது, கிளே நின்றால் நியூயார்க்கில் ஜெயிக்க முடியாது என்று வீட் தடுத்தார். யுத்தத்தில் பெயர் வாங்கிய கிழவர் ஹாரிசனைக் கட்சி நிறுத்தியது. ஹாரிசன் ஜெயித்தார்.

1848-ல் மறுபடி அதே நாடகம். இந்தத் தடவை வீட் ஆதரித்தது தளபதி டெய்லரை. டெய்லர் அதுவரை எந்தத் தேர்தலிலும் நின்றதில்லை. அதைவிடப் பெரிய விஷயம், அவர் தெற்கே ஏராளமான அடிமைகளுக்குச் சொந்தக்காரர்! இருந்தும், அவரால்தான் ஜெயிக்க முடியும் என்று வீட் சொன்னார். சீவர்டும் ஒப்புக் கொண்டு அவருக்காக ஊர் ஊராகப் பிரசாரம் செய்தார். டெய்லர் ஜனாதிபதி ஆனார். ஹென்றி கிளே கடைசி வரையில் ஜனாதிபதி ஆகவே இல்லை.

அந்தப் பிரசாரத்தில் பாஸ்டன் நகரில் ஒரு கூட்டம். முக்கியப் பேச்சாளர் சீவர்ட். அதே மேடையில் மேற்கிலிருந்து வந்த நெட்டையான, பெயர் தெரியாத காங்கிரஸ் அங்கத்தினர் ஒருவரும் பேசினார். அவர் ஆபிரகாம் லிங்கன். இருவரும் ஒரே மேடையில் பேசியது அன்றுதான் முதல் தடவை.

இரண்டு பிரசங்கங்கள்

1849-ல் சீவர்ட் செனட் சபைக்குப் போனார். 1850 மார்ச் 11-ந் தேதி அங்கே அவர் ஒரு பிரசங்கம் செய்தார். புதிதாகக் கிடைத்த பிரதேசங்களில் அடிமை முறையை அனுமதிக்கலாமா என்பது பேச்சு. அரசியல் சட்டத்துக்கும் மேலான தர்மம் ஒன்று இருக்கிறது. அது இந்த அநியாயத்தைத் தடுக்கிறது என்ற கருத்தைச் சீவர்ட் வெளியிட்டார். வடக்கே அவரைக் கொண்டாடினார்கள். தெற்கே, சட்டத்தை மதிக்காதவர் என்று தூற்றினார்கள்.

விக் கட்சி விரைவில் சிதறியது. அடிமை முறை புதிய பிரதேசங்களில் பரவக் கூடாது என்ற ஒரே கொள்கையின் மீது குடியரசுக் கட்சி எழுந்தது. சீவர்ட் அதன் முன்னணித் தலைவரானார். 1856-ல் அந்தக் கட்சி முதன்முதலாக ஜனாதிபதித் தேர்தலில் குதித்தது. சீவர்டுக்கு நிற்க ஆசை. இந்த வருஷம் ஜெயிக்க முடியாது, காத்திருங்கள் என்று வீட் அவரைத் தடுத்தார். வேட்பாளராக நின்ற பிரீமாண்ட் 114 தொகுதி ஓட்டுகள் வாங்கித் தோற்றார். ஜெயிப்பதற்கு 149 வேண்டும். பென்சில்வேனியா, இந்தியானா, இல்லினாய்ஸ், நியூஜெர்சி என்ற நான்கு வட மாநிலங்கள் கைவிட்டதுதான் தோல்விக்குக் காரணம்.

1858 அக்டோபர் 25-ந் தேதி ராச்செஸ்டரில் சீவர்ட் தம் இரண்டாவது பெரும் பிரசங்கத்தைச் செய்தார். சுதந்திர உழைப்புக்கும் அடிமை உழைப்புக்கும் நடக்கும் மோதல் தவிர்க்க முடியாதது. நாடு முழுவதும் ஒன்று இப்படி ஆகும் அல்லது அப்படி ஆகும் என்பது அதன் சாரம்.

இதே கருத்தைத்தான் நான்கு மாதங்களுக்கு முன்பு இல்லினாய்சில் லிங்கனும் சொல்லியிருந்தார். பாதி அடிமை, பாதி சுதந்திரம் என்று நாடு நிலைத்து நிற்க முடியாது என்பது லிங்கன் பேச்சின் பொருள். ஆனால் அப்போது லிங்கனைக் கவனித்தவர்கள் குறைவு. சீவர்ட் வாயைத் திறந்தால் தேசமே கேட்டது. மறு ஆண்டு ஜான் பிரவுன் என்பவர் ஆயுதம் தாங்கி அடிமைகளைக் கிளர்ச்சிக்குத் தூண்டியபோது, அதற்குக் காரணம் சீவர்டின் பேச்சுதான் என்று எதிரிகள் பழி போட்டார்கள். லிங்கனை யாரும் குறை சொல்லவில்லை.

சிகாகோவில் மூன்று நாட்கள்

1860 மே 16-ந் தேதி மகாநாடு கூடியது. சீவர்டின் பிறந்த நாளும் அதுவே. இதற்காகவே மரத்தால் கட்டிய பெரிய மண்டபத்தில் பல ஆயிரம் பேர் கூடினார்கள். சிகாகோ, லிங்கனின் சொந்த மாநிலத்தில் இருந்த நகரம். சீவர்டின் ஆட்களுக்கு அது பெரிதாகத் தோன்றவில்லை. லிங்கனை யார் லட்சியம் செய்தார்கள்?

சீவர்டின் பக்கம் நின்றவர்களின் வாதம் இது: கட்சியைக் கட்டியவர் இவர். அடிகளைத் தாங்கியவர் இவர். இவரைத் தள்ளிவிட்டு வேறொருவரை நிறுத்தினால், நம் கொள்கையைப் பார்த்து நாமே வெட்கப்படுகிறோம் என்றுதானே அர்த்தம்? கொள்கைக்குப் பயந்த கட்சி ஜெயித்து என்ன பயன்?

எதிர்த்தரப்பு வாதமும் லேசானதல்ல. சென்ற தடவை கைவிட்ட மாநிலங்களின் ஆட்கள் அங்கே வந்திருந்தார்கள். பென்சில்வேனியாவின் கவர்னர் வேட்பாளர் கர்ட்டின், இந்தியானாவின் கவர்னர் வேட்பாளர் லேன் ஆகிய இருவரும் இரவெல்லாம் விடுதி விடுதியாக ஏறி இறங்கினார்கள். சீவர்ட் நின்றால் எங்கள் மாநிலங்கள் போய்விடும் என்று மன்றாடினார்கள். அங்கே அன்னியர்களை வெறுக்கும் ஓட்டர்கள் ஏராளம். பழைய பள்ளிக்கூட விவகாரத்தை அவர்கள் மறக்கவில்லை. அடிமை முறையை விரும்பாதவர்கள், ஆனால் சண்டைக்கும் பயந்தவர்கள் இன்னும் ஏராளம். தோற்றுப் போனால் நான்கு ஆண்டுகள் அடிமை முறைக்காரர்களின் ஆட்சி நடக்கும். நம்முடைய சுத்தமான கொள்கை அந்த அடிமைகளுக்கு என்ன செய்யும் என்று இவர்கள் கேட்டார்கள்.

இவர்களோடு சேர்ந்து கொண்டவர் ஹொரேஸ் கிரீலி. நியூயார்க்கின் புகழ்பெற்ற பத்திரிகாசிரியர். ஒரு காலத்தில் சீவர்டுக்கும் வீட்டுக்கும் நெருங்கிய கூட்டாளி. தனக்கு ஒரு பதவியும் வாங்கித் தரவில்லை என்ற மனத்தாங்கலில் பிரிந்தவர். நியூயார்க் பிரதிநிதியாக வர அவருக்கு இடம் கிடைக்கவில்லை. எங்கோ மேற்குக் கோடியில் இருந்த ஆரிகன் மாநிலத்தின் பிரதிநிதியாக வந்து, சீவர்டுக்கு எதிராக வேலை செய்தார்.

மே 17-ந் தேதி மாலையே ஓட்டு எடுக்க வேண்டும் என்று சீவர்டின் ஆட்கள் விரும்பினார்கள். அன்றே எடுத்திருந்தால் சரித்திரம் மாறியிருக்கும் என்று சொல்வார்கள். ஆனால் ஓட்டுகளைக் குறித்துக் கொள்ளும் தாள்கள் தயாராகவில்லை! மறுநாளைக்கு ஒத்திப் போட்டார்கள். சீவர்டே ஜெயிப்பார் என்று அன்று இரவு கிரீலி தம் பத்திரிகைக்குத் தந்தி கொடுத்தார்.

அந்த ஓர் இரவு லிங்கனின் நண்பர்களுக்குப் போதுமானதாக இருந்தது. சீவர்டுக்கு எதிரான ஓட்டுகளை ஒரே ஆளிடம் சேர்க்கப் பேரம் பேசினார்கள். லிங்கனுக்குப் பகைவர்கள் இல்லை. அவர் கொள்கைக்கு விரோதியும் இல்லை. ஏழைக் குடியானவர் வீட்டுப் பிள்ளை. எல்லோருக்கும் இரண்டாவது விருப்பம் அவராகவே இருந்தார். மறுநாள் காலையில் சீவர்டின் ஆட்கள் பாண்டு வாத்தியத்துடன் ஊர்வலம் போய்த் திரும்புவதற்குள், மண்டபத்தில் அவர்களுடைய இடங்களில் லிங்கனின் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள்!

ஜெயிக்க வேண்டிய ஓட்டு 233. முதல் சுற்றில் சீவர்ட் 173½, லிங்கன் 102. இரண்டாவது சுற்றில் சீவர்ட் 184½, லிங்கன் 181. மூன்றாவது சுற்றில் சீவர்ட் 180, லிங்கன் 231½. இன்னும் ஒன்றரை ஓட்டுதான். ஒகையோ மாநிலத்துப் பிரதிநிதி ஒருவர் எழுந்தார். தங்களுடைய நான்கு ஓட்டுகளை லிங்கனுக்கு மாற்றுவதாகச் சொன்னார். மண்டபம் அதிர்ந்தது.

ஹென்றி கிளேயை எந்தக் கணக்கைச் சொல்லி வீட் இரண்டு தடவை வீழ்த்தினாரோ, அதே கணக்கு இப்போது அவருடைய நண்பரையே வீழ்த்திவிட்டது. வீட் கண்ணீர் விட்டார்.

தோற்றவர் செய்த காரியம்

இங்கேதான் சீவர்டின் பெருமை தெரிகிறது. ஆபர்ன் பத்திரிகைக்கு லிங்கனைப் பாராட்டி நாலு வரி எழுத யாருக்கும் மனம் வரவில்லை. சீவர்டே பேனாவை எடுத்தார். லிங்கனையும் அவருடைய துணை வேட்பாளரையும் ஆதரித்து எழுதிக் கொடுத்தார்.

அவர் மனதில் காயம் இல்லாமல் இல்லை. ஆனால் அவர் முகம் சுளித்து வீட்டில் உட்கார்ந்திருந்தால், நியூயார்க்கின் 35 ஓட்டுகளும் போயிருக்கக் கூடும். அடிமை முறையை எதிர்த்துத் தீவிரமாக நின்றவர்கள் லிங்கனைச் சந்தேகத்தோடுதான் பார்த்தார்கள். அவர்களைச் சமாதானம் செய்யச் சீவர்டால்தான் முடியும்.

செப்டம்பரில் அவர் மகள் பேனியையும் அழைத்துக் கொண்டு புறப்பட்டார். மிச்சிகன், விஸ்கான்சின், மின்னசோட்டா, கான்சஸ் என்று ரெயிலிலும் கப்பலிலும் சுற்றினார். போன இடமெல்லாம் ஜனசமுத்திரம். தமக்குக் கிடைக்காத பதவிக்காக, தம்மைத் தோற்கடித்தவருக்கு ஓட்டுக் கேட்டார். வழியில் ஸ்பிரிங்பீல்டு ஸ்டேஷனில் சில நிமிஷங்கள் ரெயில் நின்றது. லிங்கன் வந்து பார்த்துக் கை குலுக்கிவிட்டுப் போனார்.

நவம்பர் 6-ந் தேதி தேர்தல். லிங்கனுக்கு 180 தொகுதி ஓட்டுகள். பென்சில்வேனியா, இந்தியானா, இல்லினாய்ஸ் மூன்றும் முழுதாகக் கிடைத்தன. நியூஜெர்சியில் ஏழில் நான்கு கிடைத்தது. சிகாகோவில் கணக்குப் போட்டவர்கள் ஓட்டு விஷயத்தில் தவறவில்லை.

யார் கொள்கை வீரர்?

ஆனால் ஆட்களைப் பற்றிப் போட்ட கணக்கு என்ன ஆயிற்று?

லிங்கன் ஜெயித்ததும் தென் மாநிலங்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. நாட்டை ஒன்றாக வைத்திருக்க ஏதாவது விட்டுக் கொடுக்கலாமா என்ற பேச்சு எழுந்தது. தீவிரவாதி என்று பெயர் வாங்கிய சீவர்ட், 1861 ஜனவரியில் செனட் சபையில் எழுந்து சமாதானம் பேசினார். அவருடைய பழைய தோழர்கள் திகைத்தார்கள். பிரான்சிஸ் மனம் வருந்தி, கொள்கையை விட்டுப் போகாதீர்கள் என்று கணவருக்குக் கடிதம் எழுதினார்.

மிதவாதி என்று கட்சி தேர்ந்தெடுத்த லிங்கனோ, புதிய பிரதேசங்களில் அடிமை முறை பரவுவதற்கு மட்டும் இடமில்லை. அதில் சமரசமே கிடையாது என்று நண்பர்களுக்குக் கண்டிப்பாகக் கடிதம் எழுதினார். சமரசம் பேசப் போன வீட்டையும் வெறுங்கையோடு திருப்பி அனுப்பினார்.

லிங்கன் சீவர்டை வெளிநாட்டு மந்திரியாக நியமித்தார். ஆரம்பத்தில் சீவர்டுக்கு ஒரு நினைப்பு. இந்தக் கிராமத்து வக்கீலுக்கு ராஜாங்க விஷயம் தெரியாது. பெயருக்கு அவர் ஜனாதிபதி, நடத்துவது நாம் என்று எண்ணினார். 1861 ஏப்ரல் 1-ந் தேதி அப்படியே எழுதியும் கொடுத்தார். செய்ய வேண்டியதை நானே செய்ய வேண்டும் என்று லிங்கன் அமைதியாகப் பதில் சொன்னார். அந்தக் கடிதத்தை வெளியிட்டுச் சீவர்டை அவமானப்படுத்தவில்லை. சீவர்ட் புரிந்து கொண்டார். சில வாரங்களில், நம் எல்லோரிலும் சிறந்தவர் ஜனாதிபதிதான் என்ற பொருள்பட மனைவிக்கு எழுதினார்.

அதன் பிறகு இருவரும் இணைபிரியாத நண்பர்கள். 1861 இறுதியில் பிரிட்டிஷ் கப்பலிலிருந்து தென்னாட்டுத் தூதர்கள் இருவரை அமெரிக்கக் கடற்படை பிடித்தது. பிரிட்டனோடு யுத்தம் மூளும் போல் இருந்தது. அவர்களை விடுவிக்கும் வழியை வகுத்து, சீவர்ட் அந்த ஆபத்தைத் தடுத்தார். 1862 ஜூலையில் லிங்கன் அடிமைகளின் விடுதலைப் பிரகடனத்தை மந்திரிசபை முன் வைத்தார். தோல்வி மேல் தோல்வி வரும் வேளையில் வெளியிட்டால் அது திக்கற்றவன் கூக்குரலாகத் தோன்றும். ஒரு வெற்றி வரட்டும் என்றார் சீவர்ட். லிங்கன் ஒப்புக்கொண்டார். செப்டம்பரில் ஆன்டீட்டம் யுத்தத்துக்குப் பிறகு பிரகடனம் வெளிவந்தது.

ஆனால் அந்த வருஷம் டிசம்பரில், சீவர்ட் கொள்கை உறுதி இல்லாதவர், அவரை நீக்க வேண்டும் என்று அவருடைய கட்சி செனட்டர்களே லிங்கனிடம் படையெடுத்தார்கள்! உறுதி அதிகம் என்று இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒதுக்கப்பட்டவரைப் பற்றி இப்போது இப்படி ஒரு குற்றச்சாட்டு. சீவர்ட் ராஜிநாமாவை எழுதி அனுப்பினார். லிங்கன் அதை ஏற்கவில்லை.

அடிமை முறையை அடியோடு ஒழிக்கும் 13-வது அரசியல் சட்டத் திருத்தம், 1865 ஜனவரி 31-ந் தேதி மக்கள் சபையில் 119-க்கு 56 என்ற ஓட்டில் நிறைவேறியது. மூன்றில் இரண்டு பங்கு கிடைக்குமா என்பது கடைசி வரையில் சந்தேகம். எதிர்க்கட்சி அங்கத்தினர்களைத் திருப்பும் வேலையைத் திரைமறைவில் நடத்தியவர் சீவர்ட். வீட்டிடம் கற்ற வித்தை அன்று நல்ல காரியத்துக்கு உதவியது.

கத்திக்குத் தப்பியவர்

அந்த ஏப்ரலில் சீவர்டின் குதிரை வண்டி தறிகெட்டு ஓடியது. குதித்தவருக்குத் தாடையும் கையும் ஒடிந்தன. ஏப்ரல் 14-ந் தேதி இரவு, அவர் படுக்கையில் கிடந்தார். மருந்து கொண்டு வந்ததாகச் சொல்லி ஒருவன் உள்ளே நுழைந்தான். தடுத்த மகன் பிரடெரிக்கின் மண்டையை உடைத்தான். படுத்திருந்தவரின் முகத்திலும் கழுத்திலும் கத்தியால் குத்தினான். அதே இரவு, அதே சதிக் கூட்டம், நாடக அரங்கில் லிங்கனைச் சுட்டுவிட்டது.

சீவர்ட் பிழைத்தார். லிங்கன் பிழைக்கவில்லை. ஜூன் மாதத்தில் பிரான்சிஸ் இறந்தார். மறு ஆண்டு அருமை மகள் பேனியும் போய்விட்டாள்.

முகத்தில் ஆறாத தழும்போடு அவர் மறுபடி வேலைக்குப் போனார். அடுத்த ஜனாதிபதி ஜான்சன் தெற்கத்தியர்களிடம் காட்டிய சலுகைகளுக்குத் துணை நின்றார். விடுதலை பெற்ற கறுப்பு மக்களின் உரிமைக்காக அந்த வேளையில் அவர் குரல் எழுப்பவில்லை என்ற குறை அவர் பெயரோடு நிற்கிறது. 1867-ல் ருஷ்யாவிடமிருந்து அலாஸ்காவை 72 லட்சம் டாலருக்கு வாங்கினார். பனிக்கட்டியை விலைக்கு வாங்கினார் என்று அப்போது கேலி செய்தார்கள். இன்று உலகம் அவரை நினைப்பதே அலாஸ்காவால்தான்.

ஓய்வு பெற்றதும் ஜப்பான், சீனா, இந்தியா என்று உலகைச் சுற்றி வந்தார். 1872 அக்டோபர் 10-ந் தேதி ஆபர்னில், தம் வீட்டிலேயே காலமானார்.

சிகாகோவில் கூடிய பிரதிநிதிகள் செய்தது சரியா, தவறா? ஜெயிக்கக் கூடியவரைத் தேடினார்கள், அவர் கிடைத்தார். ஆனால் ஜெயிக்கக் கூடியவர் கொள்கையில் இளகியவராக இருப்பார் என்று அவர்கள் நினைத்தது பொய்த்தது. உரக்கப் பேசியவர்தான் உறுதியானவர் என்று நினைத்ததும் பொய்த்தது. அவர்கள் கணக்கில் சேர்க்காத ஒன்றும் இருந்தது. தோற்றவர் கோபித்துக் கொண்டு போகவில்லை. போயிருந்தால் அந்தக் கணக்கு எதற்கும் உதவியிருக்காது.

1865 டிசம்பர் 18-ந் தேதி, 13-வது திருத்தம் சட்டமாகிவிட்டது என்ற அறிவிப்பு வெளியாயிற்று. அமெரிக்கச் சட்டப்படி அதில் ஜனாதிபதி கையெழுத்துப் போட வேண்டியதில்லை. அந்தக் காலத்தில் வெளிநாட்டு மந்திரிதான் போட வேண்டியிருந்தது. அடிமை முறை ஒழிந்தது என்று நாட்டுக்குச் சொன்ன அந்தக் காகிதத்தில் இருக்கும் கையெழுத்து, வில்லியம் சீவர்டுடையது.